பிரிண்டருக்கு வேர்ட் தெரியாது, வேர்டுக்குப் பிரிண்டர் தெரியாது

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாடசாலைக்குக் கிட்டவாக இருக்கிற ஏதாவது ஒரு கொமினிகேஷனுக்குள், அதாவது டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற கடைக்குள், போய்ப் பாருங்கள். மேசையில் இருப்பது ஒரே ஒரு கணினி. அதைச் சுற்றித் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய கீபோட், மவுஸ், ஸ்கேனர், ஒரு லேசர் பிரிண்டர், கலர் எடுக்க ஓர் இங்க்ஜெட், பில் அடிக்க ஒரு சின்னத் தெர்மல் பிரிண்டர், வருகிறவர்கள் குத்திக் கழற்றும் பென் ட்ரைவ்கள், வட்ஸ்அப்பில் கோப்பு அனுப்புகிறவர்களுக்காக ஒரு ரூட்டர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்தின் சாமான். வேர்ட் மென்பொருளை எழுதியவர்கள் அந்தக் கடையின் லேசர் பிரிண்டரைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். சில பிரிண்டர்கள் அந்த வேர்ட் பதிப்பு வெளிவந்து பல வருடம் கழித்துச் சந்தைக்கு வந்தவை. இருந்தும் பிரிண்ட் பொத்தானை அழுத்தினால் தாள் வருகிறது.

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கிற பிள்ளைகளுக்குப் பணிசெயல் முறைமை ஓர் அலகாக வருகிறது. அதில் உள்ளீடு வெளியீட்டுப் பகுதிக்கு வந்ததும் பலர் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டி வரைந்து, பெயர்களைப் பாடமாக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பெட்டிகளின் பெயரை மறந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. ஒவ்வொரு பெட்டியும் எதைத் தெரியாமலே வேலை செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தால் மொத்தப் படமும் விளங்கிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன். விண்டோஸ், லினக்ஸ் போன்றவைதான் பணிசெயல் முறைமைகள். அப்படி நெடுக எழுதினால் கை வலிக்கும், ஆகவே இனி ஓ.எஸ்.

ஓ.எஸ்.ஸுக்கு இருக்கிற தலையிடியை முதலில் பார்ப்போம். வேகமாக டைப் பண்ணுகிறவரின் கீபோட்டிலிருந்து செக்கனுக்குப் பத்துப் பைட் வந்தாலே அதிகம். ஜிகாபிட் வலையமைப்பு அட்டை செக்கனுக்கு 125 மெகாபைட் வரை கொண்டுவந்து கொட்டும். தரவைச் சேமிக்கிற இப்போதைய என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று செக்கனுக்குச் சில ஜிகாபைட் கொடுக்கும். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். இவை எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் சமாளிக்க வேண்டும்.

வேகம் ஒரு பக்கம் இருக்க, குணமும் வேறு வேறு. ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென் ட்ரைவ் போன்றவை தரவை 512 அல்லது 4096 பைட் அளவான துண்டுகளாக வைத்திருக்கும். ஆயிரமாவது துண்டைத் தா, அப்புறம் மூன்றாவதைத் தா என்று எந்த ஒழுங்கிலும் கேட்கலாம். இவற்றைப் புளொக் சாதனம் என்பார்கள். கீபோட், மவுஸ், பிரிண்டர் அப்படி இல்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், ஓடினது ஓடினதுதான். கீபோட்டிடம் போய் "முந்தி அடித்த மூன்றாவது எழுத்தை மறுபடி தா" என்று கேட்க முடியாது. இவை கரெக்டர் சாதனங்கள். வலையமைப்பு அட்டை இரண்டிலும் ஒழுங்காகப் பொருந்தாது, லினக்ஸ் அதற்கென்று தனி வழியே வைத்திருக்கிறது. இந்தப் பாகுபாட்டை அளவுக்கு மீறிப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. மேலே இருக்கிற மென்பொருளுக்குச் சாதனங்களின் பெரிய குடும்பங்கள் இரண்டு மூன்றைத் தெரிந்தால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கொன்ட்ரோலர் என்ற இடைத்தரகர்

ஓ.எஸ். எந்தச் சாதனத்தோடும் நேரே பேசுவதில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் முன்னால் கொன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கும். டிஸ்க்கின் தட்டு எந்த வேகத்தில் சுழல்கிறது, யூ.எஸ்.பி. கம்பியில் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அதன் பாடு. ஓ.எஸ்.ஸுக்குத் தெரிவது அந்தச் சிப்பில் இருக்கிற ரெஜிஸ்டர்கள் என்ற சில சின்னச் சேமிப்பு இடங்கள்தான். ஒன்றில் கட்டளையை எழுதலாம், ஒன்றில் நிலவரத்தை வாசிக்கலாம், ஒன்றில் தரவை எடுக்கலாம் அல்லது போடலாம். இன்டெல் வகைப் புரோசஸர்களில் இந்த ரெஜிஸ்டர்களைத் தொடுவதற்குப் போர்ட் என்ற தனி முகவரிகளும் தனி அறிவுறுத்தல்களும் உண்டு. இன்னொரு முறை, ரெஜிஸ்டர்களைச் சாதாரண நினைவக முகவரிகள் போலவே காட்டிவிடுவது. நம் கைத்தொலைபேசிகளில் இருக்கிற ஆர்ம் புரோசஸர்கள் இந்த இரண்டாவது முறையில்தான் வேலை செய்கின்றன.

சரி, ரெஜிஸ்டரில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்பது புரோசஸருக்கு எப்படித் தெரியும்? கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருதரம் நூலை மேலே இழுத்து மீன் பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அல்லது நூலை விரலில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு இருந்துவிட்டு, நூல் சுண்டும்போது மட்டும் இழுக்கலாம். முதலாவது போலிங், இரண்டாவது இன்டரப்ட்.

கணக்குப் போட்டால் இரண்டாவதன் அருமை தெரியும். நல்ல வேகத்தில் டைப் பண்ணுகிறவர் செக்கனுக்கு 5 எழுத்து அடிப்பார் என்று வைப்போம். இரண்டு எழுத்துக்கு நடுவில் 0.2 செக்கன். 3 ஜிகாஹேர்ட்ஸ் புரோசஸருக்கு அந்த இடைவெளியில் 60 கோடி துடிப்புகள் ஓடிவிடும். 60 கோடித் துடிப்பையும் "எழுத்து வந்ததா, வந்ததா" என்று கேட்டே கழித்தால், அந்த நேரத்தில் வேறு ஒரு மென்பொருளும் ஓட முடியாது. இன்டரப்ட் முறையில் கீபோட் கொன்ட்ரோலர் ஒரு சைகை கொடுக்கும். புரோசஸர் செய்துகொண்டிருந்த வேலையை எந்த இடத்தில் விட்டது என்று குறித்து வைத்துவிட்டு, அந்தச் சைகைக்கு உரிய சிறு நிரலுக்குத் தாவும். வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பிவிடும்.

ஆனால் இன்டரப்டும் இலவசம் இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் திரும்பலுக்கும் நேரம் செலவாகும். ஒரு மெகாபைட் புகைப்படத்தைப் பைட்டுக்கு ஓர் இன்டரப்டாக வாங்கினால் பத்து லட்சம் தாவல்கள். அதனால்தான் டி.எம்.ஏ. என்ற ஏற்பாடு வந்தது. நினைவகத்தில் இன்ன முகவரியிலிருந்து இத்தனை பைட், இந்தப் பக்கமாக என்று கொன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டால் புரோசஸரைத் தொந்தரவு செய்யாமலே தரவு போய்ச் சேரும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஓர் இன்டரப்ட்.

பாடப்புத்தகங்கள் போலிங்கைப் பழைய, மட்டமான முறை என்பதுபோல் எழுதிவிடுகின்றன. அது முழுக்கச் சரி இல்லை. யூ.எஸ்.பி. கீபோட் தானாக வாய் திறக்காது. யூ.எஸ்.பி. கொன்ட்ரோலர்தான் சில மில்லிசெக்கனுக்கு ஒருதரம் "ஏதும் உண்டா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், உண்டென்றால் புரோசஸருக்கு இன்டரப்ட் கொடுக்கும். கேட்பது புரோசஸர் இல்லை என்பதால் நட்டமும் இல்லை. லினக்ஸின் வலையமைப்புப் பகுதியும் இப்படி ஒரு தந்திரம் செய்யும். வலையமைப்பில் வருகிற தரவுப் பொதிகள் அளவுக்கு மீறி வந்து குவிந்தால் இன்டரப்டை நிறுத்திவிட்டுத் தானே போய் அள்ளிக்கொண்டு வரும், கூட்டம் குறைந்ததும் மறுபடி இன்டரப்டுக்கு மாறிவிடும்.

ஒரு 'ம' போகிற வழி

மட்டக்களப்பு என்று டைப் பண்ண வேண்டும். முதல் எழுத்து ம. தமிழ் டைப் பண்ணப் பாவிக்கிற பாமினி முறையிலும் தமிழ்99 முறையிலும் அது ஆங்கிலக் 'கே' விசையில் இருக்கிறது. அந்த விசையை அழுத்துகிறோம்.

கீபோட்டுக்கு ம என்றால் என்னவென்று தெரியாது. ஆங்கில எழுத்தும் தெரியாது. அதற்குத் தெரிந்தது விசையின் எண் மட்டும்தான். வட்டமான ஊதா நிற முனையுள்ள பழைய பி.எஸ்.2 கீபோட் என்றால் அந்த விசையை அழுத்தும்போது கணினிக்கு 37 என்ற எண் வரும், விரலை எடுக்கும்போது 128 கூட்டி 165 வரும். யூ.எஸ்.பி. கீபோட்டில் அதே விசைக்கு எண் 14. ஒரே விசைதான், சாதனத்தைப் பொறுத்து எண் வேறு.

முதலில் விழிப்பது இன்டரப்டுக்கு உரிய அந்தச் சிறு நிரல். எண்ணை எடுத்து ஒரு பஃபரில், அதாவது நினைவகத்தில் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற இடத்தில், வைத்துவிட்டு, உரியவரை எழுப்பிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அது அதிக நேரம் எடுத்தால் மற்றச் சாதனங்களின் சைகைகள் காத்துக்கிடக்கும். லினக்ஸில் இந்த வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உடனே செய்தாக வேண்டியதை முதல் பாதி செய்யும், ஆறுதலாகச் செய்யக்கூடியது இரண்டாம் பாதிக்குப் போகும்.

அடுத்தது டிரைவர், அதாவது குறிப்பிட்ட ஒரு சாதனத்தோடு பேசத் தெரிந்த மென்பொருள். பி.எஸ்.2 கீபோட்டுக்கு ஒரு டிரைவர், யூ.எஸ்.பி. கீபோட்டுக்கு இன்னொன்று. யூ.எஸ்.பி.யிலிருந்து வந்த 14ஐ இரண்டாவது டிரைவர் 37 ஆக மாற்றிக் கொடுத்துவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இதற்கு மேலே இருக்கிற எவருக்கும் கீபோட் எந்த வகை என்று தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. கடைக்காரர் பழைய கீபோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைக் குத்தினாலும் மேலே ஒரு வரி நிரலும் மாறாது.

37ஐ ம ஆக்குவது அதற்கும் மேலே இருக்கிற விசை அமைப்புப் பகுதி. தமிழ்99ஐத் தெரிவு செய்திருந்தால் அது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோடில், 2990 என்ற எண்ணுள்ள ம ஆகும். யூனிகோடைச் சேமிக்கிற முறைகளில் ஒன்றான யூ.டி.எப்.8இல் அதைக் கோப்பில் சேமிக்க 3 பைட் வேண்டும். ஆங்கிலம் தெரிவாகியிருந்தால் அதே 37 'கே' ஆகிவிடும். கீபோட்டில் ஒட்டியிருக்கும் தமிழ் ஸ்டிக்கர் நம் கண்ணுக்கு மட்டும்தான், கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பாமினியின் கதை வேறு. பாமினி எழுத்துருவில் டைப் பண்ணினால் கோப்பில் சேமிக்கப்படுவது ம அல்ல, ஆங்கிலக் 'கே'தான். அந்தக் 'கே'க்கு ம போல ஒரு முகமூடியை எழுத்துரு போட்டுவிடுகிறது. கடிதத்தைப் பென் ட்ரைவில் கொண்டுபோய் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். மட்டக்களப்பு என்று அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பிரிண்ட் எடுத்தாலும் அதேதான் வரும். உடனே "பிரிண்டருக்குத் தமிழ் வருதில்ல" என்று முறைப்பாடு. பிரிண்டரில் ஒரு பிழையும் இல்லை, டிரைவரிலும் இல்லை. கீழே இருக்கிற அத்தனை அடுக்குகளும் கொடுத்ததைக் கொடுத்தபடியே சுமந்துகொண்டு வந்து சேர்த்திருக்கின்றன. அவை எதற்கும் எழுத்தின் பொருள் தெரியாது என்பதால் இதில் அவை செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் இன்னும் ஏராளமான கடிதங்களும் வினாத்தாள்களும் பாமினியிலேயே வருகின்றன. என்னைக் கேட்டால் யூனிகோடுக்கு மாறாமல் இருக்க இனி ஒரு சாட்டும் இல்லை.

டிரைவர் ஏன் இவ்வளவு ஆபத்தானது?

ஓ.எஸ். ஒரு படிவத்தை நீட்டும்: திற, வாசி, எழுது, மூடு, நிலவரம் சொல் என்று சில வேலைகள் அதில் இருக்கும். சாதனத்தைச் செய்த நிறுவனம் அந்தப் படிவத்தைத் தன் சாதனத்துக்கு ஏற்றபடி நிரப்பிக் கொடுக்கும். அதுதான் டிரைவர். ஓ.எஸ்.ஸுக்குப் படிவம் தெரியும், சாதனத்தின் உள்விவகாரம் தெரியாது. டிரைவருக்குச் சாதனம் தெரியும், தன்னை அழைப்பது வேர்டா குரோமா என்று தெரியாது.

சாதனங்கள் கணக்கில்லாமல் இருப்பதால் டிரைவர்களும் அப்படித்தான். ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியைக் கேர்னல் என்பார்கள். லினக்ஸ் கேர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்களே. அதிலும் பெரும்பாலான டிரைவர்கள் கேர்னலின் உள்ளே, முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. வேர்ட் விழுந்தால் வேர்ட் மட்டும் விழும், மறுபடி திறந்துகொள்ளலாம். கேர்னலுக்குள் ஒரு டிரைவர் தவறான முகவரியைத் தொட்டால் முழுக் கணினியும் விழும், அந்த நீலத் திரையை எல்லோரும் ஒருதரமாவது கண்டிருப்போம். 2001இல் லினக்ஸ் நிரலை ஆராய்ந்தவர்கள், கேர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை வீதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். எழுதுகிறவர்கள் பல கைகள், சோதித்துப் பார்க்க எல்லாச் சாதனமும் எல்லோரிடமும் இருப்பதில்லை, வேறு எப்படி இருக்கும்?

2024 ஜூலை 19ஆம் திகதி உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் நீலத் திரை வந்தது ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கேர்னலுக்குள் டிரைவராக ஓடுவது. அன்று வந்த இற்றைப்படுத்தலில் இருந்த பிழையான தரவுக் கோப்பு ஒன்றை வாசிக்கப்போய் அது விழுந்தது, விழும்போது விண்டோஸையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொஃப்ட் கணித்தது. அதில் கையால் தொடக்கூடிய சாதனம் ஒன்றும் இல்லை என்றாலும், டிரைவர் இருக்கிற இடம் எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே கேர்னலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் மோசமான பிரிண்டர் டிரைவர் கணினியை விழுத்துவது அரிது, பிரிண்ட் எடுக்கிற சேவையோடு அதன் அட்டகாசம் நின்றுவிடும்.

சாதனம் எதுவென்று கேட்காத அடுக்கு

டிரைவர்களுக்கு மேலே எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான ஓர் அடுக்கு இருக்கிறது. பெயர் வைப்பது அதன் முதல் வேலை. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ், சாதனங்களையும் கோப்புகளைப் போலவே காட்டியது. 'டெவ்' என்ற கோப்புறைக்குள் டிஸ்க், கீபோட், பிரிண்டர் எல்லாம் கோப்புப் பெயரோடு இருக்கும். கோப்பை வாசிக்கத் தெரிந்த நிரலுக்குச் சாதனத்தை வாசிக்கத் தனியாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதியும் கோப்புக்குப் போலவே. லினக்ஸும் அதன்மேல் நிற்கிற அன்ட்ரொய்டும் இன்றும் இந்த வழியில்தான் போகின்றன. எந்தப் பெயருக்கு எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கும். ஒன்று டிரைவரைக் காட்டும், மற்றது அந்த டிரைவரின் கீழ் உள்ள சாதனங்களில் எது என்று காட்டும்.

இந்த அடுக்கு செய்கிற இன்னொரு வேலை பஃபரிங். நம் அன்றாட வாழ்க்கையில் அதிகம் வந்து மோதுவது இதுதான். ஒரு மென்பொருள் எழுத்து எழுத்தாக எழுதும், பென் ட்ரைவோ 4096 பைட் துண்டைத்தான் வாங்கும். எழுத்துக்கு ஒருதரம் பென் ட்ரைவை எழுப்பினால் கல்யாண வீட்டு வீடியோவைக் கொப்பி பண்ணி முடிக்க விடிந்துவிடும். ஆகவே ஓ.எஸ். தரவை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு துண்டு நிரம்பிய பிறகு, அல்லது தனக்கு வசதிப்பட்ட நேரத்தில், எழுதும். கொப்பி முடிந்ததாகத் திரை சொல்லும்போது தரவின் கடைசிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் பென் ட்ரைவைப் பிடுங்கினால் கோப்பு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளியே குத்துகிற டிஸ்க்குகளுக்கு இந்தச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை வழக்கமாக நிறுத்தியிருக்கிறார்கள். லினக்ஸில் அது இன்னும் தாராளமாக நடக்கும், அங்கே முறைப்படி கழற்றாமல் இழுப்பது வீண் விளையாட்டு.

கரண்ட் போனாலும் இதே நிலைதான். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், யூ.பி.எஸ். இல்லாத கடைகளில் சேமித்த கோப்பே திறக்காமல் போனதாகப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேமித்தேன் என்று மென்பொருள் சொன்னது உண்மை. ஓ.எஸ். வாங்கிக்கொண்டதும் உண்மை. டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

பிழைகளைக் கையாள்வதிலும் இந்த அடுக்குகள் ஒரு மரியாதை வைத்திருக்கின்றன. எவ்வளவு கீழே தீர்க்க முடியுமோ அவ்வளவு கீழேயே தீர்க்க வேண்டும். டிஸ்க்கில் ஒரு துண்டு சரியாக வாசிபடாவிட்டால் கொன்ட்ரோலர் தானே மறுபடி வாசித்துப் பார்க்கும். முடியாவிட்டால் டிரைவர் முயலும். அதுவும் சரிவராவிட்டால்தான் விஷயம் மேலே போகும். முதல் இரண்டு இடத்தில் சரியாகிவிட்டால் அப்படி ஒன்று நடந்ததே மென்பொருளுக்குத் தெரியாது. பிரிண்டரில் தாள் முடிந்ததை மட்டும் எந்த அடுக்காலும் சரிக்கட்ட முடியாது. அது நேரே மனிதரிடம்தான் வரும்.

ஸ்பூலர்

டிஸ்க்கை ஒரே நேரத்தில் பத்து மென்பொருள் பாவிக்கலாம். பிரிண்டரை முடியாது. இரண்டு பேரின் கடிதங்கள் ஒரே தாளில் வரி மாறி வரி விழுந்தால் எப்படி இருக்கும்? ஒருவர் பிரிண்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? இதற்கு வந்த தீர்வு, பிரிண்டரைத் தொடும் உரிமையை ஒரே ஒரு சேவைக்குக் கொடுப்பது. மற்ற எல்லோரும் தங்கள் கோப்பை ஒரு கோப்புறையில் போட்டுவிட்டுப் போகலாம். அந்தச் சேவை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். இதுதான் ஸ்பூலிங். யோசனை பழையது. 1960களில் ஐ.பி.எம். 7094 போன்ற விலையுயர்ந்த கணினி, அச்சு முடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று வெளியீட்டைக் காந்த நாடாவில் எழுதிவிடும். ஐ.பி.எம். 1401 என்ற மலிவான கணினி அந்த நாடாவை எடுத்து ஆறுதலாக அச்சடிக்கும். பிறகு நாடாவின் இடத்துக்கு டிஸ்க் வந்தது.

கடையில் இது எப்படித் தெரியும்? வயதான ஐயா ஒருவர் கதிரையில் இருந்து, "மனே, மூணு தரம் குடுத்தும் வருகுதில்லையே" என்பார். கடைத் தம்பி பிரிண்டரைப் பார்த்தால் கேபிள் லேசாகக் கழன்றிருக்கும். "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று குத்தினதும் கடிதம் மூன்று பிரதி வந்து விழும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் வேர்ட் தன் வேலையை ஒழுங்காக முடித்துக் கோப்பை வரிசையில் போட்டிருக்கிறது. பிரிண்டருக்குக் கம்பி இருக்கிறதா என்பது வேர்டுக்குத் தெரியாது.

சிலவேளை வரிசையின் தலையில் கெட்டுப்போன ஒரு கோப்பு வந்து குந்திக்கொள்ளும். அழிக்கவும் விடாது, பின்னால் இருப்பவற்றையும் போக விடாது. அப்போது கணினியை அணைத்துப் போடுவதைவிட நல்ல வழி உண்டு. விண்டோஸில் சேவைகள் பட்டியலைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போனால் காத்திருக்கிற கோப்புகள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குங்கள். பிரிண்டர்ஸ் கோப்புறையை அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பவற்றை மட்டும். லினக்ஸிலும் மெக்கிலும் இதே வேலையைக் கப்ஸ் என்ற மென்பொருள் செய்கிறது.

ஸ்பூலர் கேர்னலுக்கு வெளியே ஓடுகிற சாதாரணச் சேவைதான் என்றாலும் விண்டோஸில் அதற்குக் கொடுத்திருக்கிற அதிகாரம் மிகப் பெரியது. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை பெரிய செய்தியானது அதனால்தான். பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் கெட்ட நிரலை ஸ்பூலருக்குள் ஏற்றிவிட்டால் அந்த அதிகாரம் முழுக்க அந்த நிரலின் கையில்.

இனி நம்முடைய ம தாளுக்குப் போகட்டும். வேர்ட் "இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை" என்று கேட்கும். பிரிண்டர் டிரைவர் அதை பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பிரிண்டர் மொழிக்கு மாற்றும், அல்லது முழுப் பக்கத்தையும் புள்ளிகளாக்கிப் படமாகவே கொடுத்துவிடும். ஸ்பூலர் வரிசை வந்ததும் அதை யூ.எஸ்.பி. டிரைவரிடம் தரும். அது டி.எம்.ஏ. வழியாகக் கொன்ட்ரோலருக்கு, அங்கிருந்து கம்பி வழியாகப் பிரிண்டருக்கு. பில் அடிக்கிற தெர்மல் பிரிண்டரில் மட்டும் ஒரு சிக்கல். அவற்றில் பெரும்பாலானவை எழுத்தின் எண்ணைக் கொடுத்தால் தங்கள் வயிற்றுக்குள் இருக்கிற எழுத்துருவில் அடித்துத்தரும், அதனால் வேகம். அந்த வயிற்றுக்குள் தமிழ் இருப்பது அபூர்வம். தமிழில் பில் வேண்டும் என்றால் அதைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்கு பில் மென்பொருளை எழுதியவர் மெனக்கெட வேண்டும், பலர் மெனக்கெடுவதில்லை.

பிரிண்ட் வராதபோது எங்கே பார்ப்பது என்பதற்கும் இந்த அடுக்குகளே வழிகாட்டி. பிரிண்டரிலேயே இருக்கிற பொத்தானை அழுத்திச் சுயசோதனைத் தாள் எடுங்கள். அதுவே வராவிட்டால் கணினியைக் குடைவது வீண். அது வந்து, விண்டோஸின் சோதனைப் பக்கம் வராவிட்டால் கேபிள், டிரைவர், ஸ்பூலர் மூன்றில் ஒன்று. சோதனைப் பக்கமும் வந்து உங்கள் கடிதம் மட்டும் அலங்கோலமாக வந்தால் கோப்பையும் எழுத்துருவையும் பாருங்கள். டிரைவரை அழித்து மறுபடி போடுவதைத்தான் நிறையப்பேர் முதல் வேலையாகச் செய்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

டிரைவர் தேடும் இந்தச் சோலியே இனிக் குறையப்போகிறது. புதிய பிரிண்டர்கள் பல, பொதுவான ஒரு மொழியிலேயே வலையமைப்பு வழியாக வேலை வாங்கிக்கொள்கின்றன. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் இந்த வகை, அன்ட்ரொய்டில் இருந்து நேரே பிரிண்ட் கொடுப்பதும் இந்த வகை. டிரைவர் செய்துவந்த மாற்றும் வேலை பிரிண்டருக்கு உள்ளேயே போய்விட்டது. நிறுவனங்களின் தனித்தனிப் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசொஃப்டும் அறிவித்தது. ஏற்கெனவே போட்டிருக்கிற டிரைவர் அதனால் நின்றுவிடாது. பழைய லேசர் பிரிண்டரை இன்னும் சில வருடம் ஓட்ட நினைக்கிறவர்கள், அதன் டிரைவர் நிறுவல் கோப்பை இப்போதே எடுத்து ஒரு பென் ட்ரைவில் போட்டு வையுங்கள். போட்ட பிறகு முறைப்படி கழற்றுங்கள்.